விழ மறுத்த இரும்புக் கிடாய்

விக்னராஜா எதையும் அளவாகச் செய்து பழகாத மனிதர். பலெர்மோவின் வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் அவர்தான் சமையல். அவருடைய கையில் அகப்படாமல் இருக்க முதலாளி மிளகாய்த்தூள் டப்பாவைத் தன்னுடைய காரிலேயே பூட்டி வைத்திருந்தார். அல்பெர்கேரியாப் பகுதியில் மூன்றாம் மாடியில் வீடு. மாலையில் இவர் டிவி போட்டால், கீழ்மாடிச் சிஞ்ஞோரா மன்குசோ தன்னுடையதை நிறுத்திவிட்டு இவருடையதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மின்சாரம் மிச்சம்.

இப்படிப்பட்டவரைத்தான் முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு வெளியே, மலைப்பக்கம் இருக்கிற துவக்குச் சூட்டுக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். போனவர் திரும்பி வரும்போது வேறு ஆளாக வந்தார்.

"அனிற்றா, நானும் லைசென்ஸ் எடுக்கப்போறன்," என்றார் மனைவியிடம்.

அனிற்றா மன்னார்க்காரி. கோயில் பாடற்குழுவில் முன்வரிசை. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்த சனம் நாங்கள்," என்றாள். "இஞ்சை வந்து நீங்கள் அதைத் தேடிப் போறியளோ?"

"அங்கை எங்களைப் பாத்துச் சுட்டவங்கள். இஞ்சை நாங்கள் இரும்பைப் பாத்துச் சுடுறம். ரெண்டும் ஒண்டோ?"

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒரேயொரு நிபந்தனை போட்டாள்: தன்னுடைய தம்பி கொட்வினும் கூடச் சேரவேண்டும். "அத்தானைத் தனிய விடாதை," என்று தம்பிக்குத் தனியாகவும் சொல்லிவைத்தாள்.

அப்படியாக, பல வருடங்கள் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நின்ற அதே குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்துக்கு, இத்தாலியப் பிரசையான விக்னராஜா துவக்கு லைசென்ஸுக்காகப் போனார். பழக்கதோஷத்தில் பழைய யன்னலிலேயே போய் நின்றுவிட்டார். "இது வெளிநாட்டுக்காரருக்கு. துவக்குக்காரருக்கு அங்கை," என்று அவர்கள் வேறு வாசலைக் காட்டியபோது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கொட்வின் அவருக்கு நேர் எதிர். ஒரு பல் வைத்தியசாலையில் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்குகிற வேலை. பற்பசை வாங்கினாலும் பெட்டியில் எழுதியிருப்பதை முழுக்க வாசித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பான். துவக்கு அவனுக்குப் பிடிக்கவேயில்லை. ஆனால் ரவைகளைக் கையாலே செய்யலாம் என்று தெரிந்ததும் அவனுக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. சுட்ட வெற்றுக் கோதுகளைத் துடைத்து, அளந்து, புதிய வெடிமருந்து நிறுத்துப் போட்டு, பறந்துபோகிற குண்டான சன்னத்தை முனையில் வைத்து அழுத்தி, மறுபடியும் ரவையாக்குகிற வேலை. தராசு, புத்தகம், சுத்தம் மூன்றும் தேவைப்படுகிற வேலை அது. விக்னராஜா வீட்டுப் பொருள் அறையில் ஒரு கை பிரெஸ்ஸைப் பூட்டிவைத்து, இருவருமாகச் செய்யத் தொடங்கினார்கள்.

விக்னராஜா வாங்கியிருந்தது பழைய நாற்பத்துநாலு மேக்னம் ரிவோல்வர். நீளமான குழல், பாரமான உடம்பு. அதைப் பற்றி அவர் சமையலறையில் கதைத்த கதைகளைக் கேட்டால், அது யானை சுடுகிற பீரங்கி என்று நினைப்பீர்கள்.

கழகத்தில் இரும்புத் தகட்டில் வெட்டிய மிருகங்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். கிட்டத்தில் கோழி, அதற்கப்பால் பன்றி, பிறகு வான்கோழி, எல்லாவற்றுக்கும் கடைசியில், இருநூறு மீற்றருக்கு அங்கால், செம்மறிக் கிடாய். சன்னம் பட்டால் போதாது, மிருகம் விழவேண்டும். விழுந்தால்தான் கணக்கு.

விக்னராஜாவுக்குக் குறி நல்ல குறி. மீன் வெட்டுகிற கை, நடுங்காது. முதல் மாதமே கிடாய்க்கு அடித்துவிட்டார். "ரிங்" என்று சத்தமும் கேட்டது. கிடாய் நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டாவது அடி. "ரிங்". கிடாய் கொஞ்சமும் அசையவில்லை.

பக்கத்தில் நின்ற கணக்காளர், ரஜொனியேரே குசுமானோ, கழகத்தின் மூத்த உறுப்பினர், பெரிய வயிறும் சின்ன மீசையுமாக, இரண்டு கைகளையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினார்: "விக்கி! கிடாய் உனக்கு வணக்கம் சொல்லுது!"

எல்லோரும் சிரித்தார்கள். விக்னராஜா அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஆட்டிறைச்சிக் கறியைத் தொடவில்லை. "அதின்ரை முகத்தைப் பார்க்கேலாது," என்றார்.

கொட்வின் பிரச்சினையைக் கண்டுபிடித்திருந்தான்.

"அத்தான், நீங்கள் எறியிறது பிங்பொங் பந்து."

"என்னடா சொல்லுறாய்? வேகமானியிலை பாத்தனியோ? நானூற்றைம்பது! ஒரு செக்கனுக்கு நானூற்றைம்பது மீற்றர்!"

"வேகம் சரி. ஆனா உங்கட சன்னம் லேசு. முனையிலை குழி வேறை. வேட்டைக்குச் செய்தது அது. இரும்பிலை பட்டவுடனை அப்பளம் மாதிரி நொருங்குது. கிடாய்க்கு அது கிச்சுக்கிச்சு மூட்டினமாதிரித்தான் இருக்கும். பாரமான சன்னம் வேணும். முனை தட்டையா, திடமா இருக்கவேணும். கொஞ்சம் மெதுவாப் போகட்டும்."

மெதுவாக என்ற சொல்லைக் கேட்டு விக்னராஜா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். குசுமானோவின் சன்னம் நானூற்றறுபது போகிறது என்று கழகம் முழுக்கத் தெரியும். அந்த மனிதருக்கு முன்னால் போய் மெதுவாகச் சுடுவதா?

"சரி, பாரமானதை வாங்குவம்," என்றார் கடைசியில். "ஆனா மருந்து இப்ப போடுறமாதிரியே போடு. அப்ப பாரமும் இருக்கும், வேகமும் இருக்கும்."

கொட்வின் கையில் இருந்த புத்தகத்தை மூடினான். "அத்தான், சன்னம் மாறினால் மருந்தும் மாறும். பாரம் கூடினால் மருந்து குறையவேணும்."

"பாரத்தைக் கூட்டி மருந்தைக் குறைச்சால் அது எங்கையடா போகும்? பல்லாறோச் சந்தைக்கு மரக்கறி வாங்கவோ?"

"பாரமான சன்னம் லேசிலை அசையாது. பின்னாலை மருந்து எரிஞ்சு அமத்திக்கொண்டிருக்கும். முன்னாலை போக நேரமில்லாட்டில் பக்கத்தாலை வெடிச்சுக்கொண்டு போகும். பக்கத்திலை என்ன இருக்குது? உங்கட கை. விசில் அடைச்ச குக்கரைத் தலைக்குப் பக்கத்திலை பிடிப்பியளோ?"

"நான் குக்கருக்கு விசிலே போடுறேல்லை," என்றார் விக்னராஜா. அது எதற்கான பதில் என்று அவருக்கே தெரியவில்லை.

பாரமான சன்னங்கள் வந்தன. கொட்வின் புத்தகத்தில் போட்டிருந்த ஆகக் குறைந்த அளவில் தொடங்கவேண்டும் என்றான். விக்னராஜா தலையை ஆட்டினார். அடுத்த நாள் பின்னேரம் கொட்வின் வேலையில், அனிற்றா பாட்டுப் பயிற்சியில். விக்னராஜா பொருள் அறைக்குள் போனார். லேசான சன்னத்துக்குப் போடுகிற மருந்தை, பாரமான சன்னத்துக்குப் பின்னால் போட்டார். சமையல்காரர் அல்லவா, கடைசியில் ஒரு சிட்டிகை கூடவும் போட்டார். இப்படி ஆறு ரவை. மற்றவற்றோடு கலந்துபோகாமல் இருக்க, அனிற்றாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பொட்டு வைத்தார். தன்னுடைய முன்யோசனையைத் தானே மெச்சிக்கொண்டு, அவற்றை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தார்.

அனிற்றா வந்து கைப்பையை வைத்தாள். நகப்பூச்சுப் போத்தல் இடம் மாறியிருந்தது. மூடி சரியாகப் பூட்டப்படவில்லை. திரும்பிப் பார்த்தாள். கணவனுடைய சுண்டுவிரலில் சிவப்பு. பெனியனில், நெஞ்சுக்கு நேரே, இன்னுமொரு சிவப்பு.

"இஞ்சேருங்கோ," என்றாள், மிக அமைதியாக. "ஆரின்ர நகத்துக்குப் பூசிவிட்டனீங்கள்?"

விக்னராஜா சுண்டுவிரலை மடக்கிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் மச்சான் விடமாட்டான். சொல்லாவிட்டால் மனிசி விடமாட்டாள். இரண்டில் எது நல்லது என்று அவர் யோசித்துக்கொண்டு நின்றார். அந்த யோசனைதான் அவருக்கு வினையாகிப் போனது.

"யோசிக்கிறியள்!" என்றாள் அனிற்றா. சந்தையில் வாங்கிவந்த பை கையெட்டும் தூரத்தில் இருந்தது. முதல் வந்தது ஒரு கூனைப்பூ. பிறகு இன்னொன்று. முள்ளோடு இருக்கிற சிசிலியக் கூனைப்பூ. "என்ர நகப்பூச்சு! என்ர வீட்டிலை! நான் மாதாவுக்குப் பாடிக்கொண்டிருக்கேக்கை!"

"துவக்குக்கு!" என்று கதிரைக்குப் பின்னால் இருந்து கத்தினார் விக்னராஜா. "துவக்குக்குத்தான் பூசினனான்!"

"துவக்குக்கு நகம் எங்கை இருக்குது?"

வேறு வழியில்லாமல் அரிசி வாளியை நகர்த்தி ஆறு ரவைகளையும் மேசையில் வைத்தார். எதற்காகச் சிவப்பு என்றும் சொன்னார். அனிற்றா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கையில் இருந்த கடைசிக் கூனைப்பூவை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"வேறையொருத்தி எண்டாலும் ஒருவேளை மன்னிச்சிருப்பன்," என்றாள். பிறகு தம்பிக்கு ஃபோன் எடுத்தாள்.

கொட்வின் வந்தான். ரவையைப் பிரிக்கிற சுத்தியலை எடுத்தான். ரவையைச் சுத்தியல் தலைக்குள் பூட்டி, தடித்த மரக்குற்றியில் அடித்தால் சன்னம் தானாகக் கழன்று விழும். டொங், டொங், டொங். கீழே இருந்து சிஞ்ஞோரா மன்குசோ விளக்குமாற்றுத் தடியால் கூரையில் பதில் தட்டினாள். முதலாவது ரவையின் மருந்தை அவன் தராசில் கொட்டினான். பார்த்தான். புத்தகத்தை எடுத்து ஆகக்கூடிய அளவு எது என்று பார்த்தான். மறுபடி தராசைப் பார்த்தான்.

"அக்கா, தண்ணி," என்று சொல்லிவிட்டு நிலத்தில் இருந்துவிட்டான்.

தண்ணீர் குடித்து முடித்தபிறகு அத்தானைப் பார்த்தான். "இதை வெடிச்சிருந்தால் கிடாய் விழுந்திருக்குமோ தெரியாது. நீங்கள் கட்டாயம் விழுந்திருப்பியள்."

விக்னராஜா தன்னுடைய வலதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீன் வெட்டுகிற கை. "ஒரு சிட்டிகைதான் கூடப் போட்டனான்," என்றார்.

அன்றிலிருந்து வெடிமருந்து அலுமாரியின் திறப்பு அனிற்றாவின் கழுத்தில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கியது.

கொட்வின் தன்பாட்டுக்குத் தொடங்கினான். குறைந்த அளவில் கொஞ்ச ரவை. கழகத்துக்குப் போவார்கள். விக்னராஜா சுடுவார். சன்னம் வேகமானியைத் தாண்டிப் போகும். கொட்வின் இலக்கத்தைக் குறித்துவிட்டு, சுட்ட கோதுகளை வெளியே தள்ளி, ஒவ்வொன்றையும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, பல்லுப் பார்க்கிற டொக்டர்மாதிரி ஆராய்வான். கோது லேசாகக் கழன்று வருகிறதா, அடியில் இருக்கிற சின்ன மூடி தட்டையாகி இருக்கிறதா, எங்கேயாவது வெடிப்பா. எல்லாம் சுகம் என்றால்தான் அடுத்த ஞாயிறு ஒரு துளி கூட்டுவான். புத்தகத்தின் எல்லைக்குக் கணிசமாக இங்காலேயே ஒருநாள் நிறுத்திவிட்டான். அன்றைக்குச் சுட்ட ஐந்து சன்னமும் ஒரே இடத்தில், ஒரு தேநீர்க் கோப்பையால் மூடக்கூடிய அளவில் பட்டிருந்தன.

"இதுதான்," என்றான்.

விக்னராஜா வேகமானியை எட்டிப் பார்த்தார். முந்நூற்றெழுபது. "இது துவக்கோ, தபால்காரனோ?" என்றார். ஆனால் அடுத்த ரவையைப் போட்டுக்கொண்டார். கூட வந்திருந்த அனிற்றா கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டு நின்றாள்.

வருடாந்தப் போட்டி வசந்தகாலத்தில் வந்தது. உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்து, அடுப்பு மூட்டி, தொத்திறைச்சி சுட்டு, அது ஒரு திருவிழாப்போல இருந்தது. முதல் பரிசு உயிரோடு ஒரு செம்மறிக் கிடாய். ஆட்டு மந்தை வைத்திருக்கிற ஒரு உறுப்பினர் கொடுத்தது. கொம்புகளில் சிவப்பு ரிபன் கட்டி, ஒரு மரத்தடியில் நீளக் கயிற்றில் விட்டிருந்தார்கள்.

விக்னராஜாவுக்கு அதைக் கண்டதும் ஒரு வேகம். பாண் துண்டொன்றை எடுத்துக்கொண்டு கிட்டப் போனார். "உன்ர இரும்புத் தம்பி எங்களுக்கு முன்னாலை நிண்டு பகிடி பண்ணினவன்," என்று தமிழிலேயே சொன்னார். கிடாய் பாணை வாங்கித் தின்றது. அவர் படம் எடுக்கச் சொல்லிக் கொட்வினைக் கூப்பிட்டுவிட்டு, கிடாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சிரித்தார்.

கிடாய் ஓடவில்லை. அதற்கு என்ன அவசரம்? தலையைத் தாழ்த்தி, ஏதோ கடைக்குப் போகிற மனிதர்மாதிரி நடந்து வந்து, விக்னராஜாவின் பின்பக்கத்தில் தலையை வைத்துத் தள்ளியது. அவ்வளவுதான். விக்னராஜா இரண்டு கால்களும் நிலத்தை விட்டுக் கிளம்ப, அரைச்சுற்றுச் சுற்றிப்போய், வேலியோரம் நின்ற சப்பாத்திக் கள்ளிப் பற்றைக்குள் குந்தினார்.

போட்ட சத்தத்துக்கு மலையில் எதிரொலி வந்தது.

கொட்வின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். "அத்தான்," என்றான், முகத்தை மிகவும் கவனமாக வைத்துக்கொண்டு. "அது ஓடிவரேல்லை. நடந்துதான் வந்தது."

விக்னராஜா அவனைப் பார்த்தார். கிடாயைப் பார்த்தார். அவருடைய முகத்தில் வலிக்கு நடுவில் ஏதோ ஒன்று விளங்கிப்போன களை வந்தது. "பாரம்," என்றார். "பாரமடா."

போட்டியில் பெரும்பாலானோர் நிலத்தில் மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடித்து, துவக்கைக் காலோடு சாத்திக்கொண்டு சுடுவார்கள். விக்னராஜாவுக்கு அன்றைக்கு மல்லாக்கப் படுக்கிற யோகம் இல்லை. குப்புறப் படுத்தார். முறை வரும்வரை அனிற்றா பின்னால் குந்தியிருந்து, புருவம் பிடுங்குகிற குறட்டினால் அவருடைய காற்சட்டைக்கு மேலாலேயே முள்ளுப் பிடுங்கினாள். ஒவ்வொரு முள்ளுக்கும் அவர் ஒவ்வொரு கடவுளைக் கூப்பிட்டார், சைவம், கிறிஸ்தவ வேதம் என்று பார்க்கவில்லை.

முதலில் குசுமானோ. அவருடைய துவக்கு வெடித்தபோது தொத்திறைச்சி அடுப்பில் இருந்து சாம்பல் கிளம்பியது. வேகமானியில் நானூற்றறுபத்தைந்து. சனம் "ஓ" என்றது. கிடாயில் "ரிங்" என்று கேட்டது. கிடாய் நின்றது. அடுத்த இரண்டும் அப்படியே. நாலாவது வெடிக்கு அவர் துவக்கின் குதிரையை இழுத்தார், ரவைகள் போடுகிற உருளை திரும்பவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். அசையவில்லை. ரேஞ்ச் பொறுப்பாளர் ஓடிவந்து, குழலை மண்மேட்டுப் பக்கம் பிடித்தபடி பார்த்தார். ஒவ்வொரு உதைப்புக்கும் மிச்ச ரவைகளின் சன்னங்கள் கோதுக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, ஒன்று உருளைக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு சட்டத்தில் முட்டி நின்றது. கோதின் விளிம்பை நெரித்துச் சன்னத்தை இறுக்குகிற வேலையை ரஜொனியேரே அவசரத்தில் அரைகுறையாகச் செய்திருந்தார். துவக்கும் கையுமாக, சுடவும் முடியாமல் இறக்கவும் முடியாமல், திருவிழாவில் தொலைந்த பிள்ளைமாதிரி நின்றார்.

விக்னராஜாவின் முறை. கோழிகளில் இரண்டைத் தவறவிட்டார், ஏனென்றால் அனிற்றா அப்போதும் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பன்றி, வான்கோழி பரவாயில்லை. பிறகு கிடாய்.

வெடித்தார். வேகமானியில் முந்நூற்றறுபத்தெட்டு. யாரோ சிரித்தார்கள். கிடாய் நின்றது. "கொட்வின்! உன்ரை புத்தகத்தை நான் அடுப்பிலை..." என்று அவர் தலையைத் திருப்ப, அப்போதுதான் அங்கே இருந்து சத்தம் வந்து சேர்ந்தது. "டங்". ரிங் இல்லை. கோயில் மணியில் அடித்தமாதிரி டங். கிடாய் ஒருக்கால் யோசித்தது. பின்னுக்குச் சாய்ந்தது. பிறகு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்கிற பெரிய மனிதர்போல, மெதுவாக விழுந்தது.

அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும். ஒன்றைத் தவிர எல்லாம் விழுந்தன. அன்றைக்கு அத்தனை கிடாய்களை விழுத்திய வேறு ஆள் இல்லை. கொட்வின், தன்னுடைய வாழ்நாளில் முதல்முறையாக, பொது இடத்தில் துள்ளினான்.

கோழிகள் போனதால் விக்னராஜாவுக்கு மூன்றாம் இடம்தான். உயிர்க்கிடாயை வென்றது கால்சாப் பகுதியில் மருந்துக்கடை வைத்திருக்கிற ஒரு பெண். அது அவளுடைய காரில் ஏற மறுத்து, மந்தைக்காரரோடேயே திரும்பிப் போய்விட்டது. விக்னராஜாவுக்குக் கிடைத்தது ஒரு பெரிய கஸ்ஸாத்தா கேக்.

குசுமானோ மெல்லக் கிட்ட வந்தார். மீசையைத் தடவினார். "விக்கி, எந்தச் சன்னம் போடுறாய்?"

விக்னராஜா கேக்கை வழித்து வாயில் போட்டபடி, நின்றபடியே, பெரிய ஆசான் தோரணையில் சொன்னார்: "ரஜொனியேரே, முதல் சன்னத்தைத் தெரிவுசெய்யவேணும். பிறகுதான் வேகம். புத்தகத்துக்கு மேலை ஒரு துளியும் போகக்கூடாது. அளவு முக்கியம்."

அளவு என்ற சொல் அவருடைய வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அனிற்றாவுக்குக் கேக் புரையேறியது.

எல்லா முள்ளும் வரவில்லை. சப்பாத்திக் கள்ளியின் சின்ன முள்ளு கண்ணுக்கே தெரியாது. அடுத்த ஞாயிறு அனிற்றாவோடு தமிழ்ப் பூசைக்குப் போன விக்னராஜா, வழக்கமாகக் கடைசி வாங்கில் இருந்து நித்திரை கொள்ளுகிறவர், அன்றைக்கு முதலிலிருந்து கடைசிவரை நின்றார். எல்லோரும் வாங்குகளில் இருந்தபோதும் நின்றார். பிரசங்கம் நீண்டுகொண்டே போனது, அப்போதும் நின்றார். சுவாமியார் பிரசங்கத்தை நிறுத்தி, "வேறு சமயத்தில் பிறந்த ஒரு சகோதரர் காட்டுகிற பக்தியைப் பாருங்கள்," என்று கையை நீட்டினார். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாடற்குழுவின் முன்வரிசையில் நின்ற அனிற்றா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அவள் உருகி அழுகிறாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள்.

செய்தி பூசை முடியுமுன்னமே பலெர்மோ முழுக்கப் போய்விட்டது. மத்தியானம், விக்னராஜாவின் தமக்கை நாகபூசணி, வெள்ளிக்கிழமை விரதம் ஒன்றும் விடாதவள், ஃபோனில் வந்தாள்.

"தம்பி, நீ வேதத்துக்கு மாறிட்டியாம். உண்மையோ?"

"ஐயோ, இல்லை அக்கா," என்றார் விக்னராஜா, குசினிக்குள் நின்று சோறு தின்றபடி. "என்னாலை இருக்கேலாமல் கிடக்குது. அதுதான்."

அந்தப் பக்கம் நாகபூசணி மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்: "சைவத்திலை இருக்கேலாத அளவுக்கு உனக்கு நாங்கள் என்னடா குறை வைச்சம்?"